வெளியால பார்த்தால் தெரியாது: டர்பைன் பிளேடு வார்க்கும் கதை

போன மாரிக்கு முன்னம் திருகோணமலைக் கொட்பேயில் என் மச்சானின் படகு ஒரு புரொப்பெல்லரை உடைத்துக்கொண்டு வந்தது. மூன்று இதழ் வைத்த பித்தளைச் சாமான், பூட்டி ஏழு மாதம்கூட ஆகவில்லை. கல்லில் மோதவில்லை, வலையும் சுற்றவில்லை, நேரே ஓடிக்கொண்டிருக்கும்போதே ஓர் இதழ் அடியோடு கடலுக்குள் போய்விட்டது. மிச்சத்தைக் கழற்றிக் கரையில் வைத்து முறிந்த முகத்தை வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தேன். சீனிக்கட்டியை உடைத்தது மாதிரி மணிமணியாக மினுங்கியது, நடுவில் மிளகளவு ஒரு குழி, குழியின் உட்பக்கம் மட்டும் கறுத்துப்போய் இருந்தது. அதை வார்த்த பட்டறைக்காரரிடமே கொண்டுபோய்க் காட்டினோம். வயதான மனிதர், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உள்ளுக்கு காத்து நிண்டிட்டுது தம்பி. வெளியால பாத்தா ஒண்டும் தெரியாது."

நான் காஸ் டர்பைன்களைப் பற்றி வருடக்கணக்காக வாசித்து வருகிறவன். அந்த மனிதர் சொன்ன இரண்டு வசனத்துக்குள் அந்தத் தொழில் முழுவதும் அடங்கியிருக்கிறது என்று அப்போது தோன்றியது. ஜெட் எஞ்சினுக்குள் சுழலும் உலோகப் பாகங்களைச் செய்வதில் கடந்த 80 வருடமாக வந்த முன்னேற்றம் எல்லாம், வெளியே தெரியாத அந்தக் குறை எந்தக் கட்டத்தில் உள்ளே நுழைகிறது என்று தேடிப் பிடித்து, அந்த வழியை அடைத்ததால் வந்ததுதான்.

காஸ் டர்பைன் எங்களுக்குத் தூரத்துச் சாமான் இல்லை. திருகோணமலைத் துறைமுகத்துக்கு வந்துபோகும் கடற்படைக் கப்பல்களில் ஒன்று கஜபாகு. அமெரிக்கக் கரையோரக் காவற்படையிடம் ஷெர்மன் என்ற பெயரில் இருந்து, 2019இல் இலங்கைக் கடற்படையில் சேர்ந்தது. அதில் டீசல் எஞ்சின்களோடு இரண்டு காஸ் டர்பைன்களும் உண்டு. கெரவலப்பிட்டியில் 300 மெகாவாட் மின்சாரம் எடுப்பதும் டர்பைன்களால்தான். வேலை எல்லாவற்றிலும் ஒன்றுதான்: காற்றை இழுத்து அமுக்கி, எரிபொருளை ஊற்றிக் கொளுத்தி, அந்தச் சூட்டு வாயுவைப் பிளேடு எனப்படும் உலோக இதழ்களின் மேல் பாயவிட்டுச் சுழற்றுவது. வாயு எவ்வளவு சூடோ அவ்வளவுக்கு எரிபொருள் மிச்சம். அதனால் எல்லோரும் சூட்டைக் கூட்டிக்கொண்டே போனார்கள், கடைசியில் உலோகத்தின் உருகுநிலையையே தாண்டிவிட்டார்கள்.

இது மிகைப்படுத்திச் சொல்வது அல்ல. இன்றைய பெரிய விமான எஞ்சினில் எரியறையை விட்டு வரும் வாயு 1500 பாகை செல்சியஸையும் தாண்டும், அதற்குள் நிற்கும் பிளேடின் நிக்கல் கலவையோ 1300 முதல் 1400 பாகைக்குள் உருகிவிடும். பிளேடு உருகாமல் நிற்கக் காரணம், அது உள்ளே கூடாக இருப்பதும், அந்தக் கூட்டுக்குள் ஓயாமல் காற்று ஓடுவதும்தான். அந்தக் 'குளிர்' காற்றே 600, 700 பாகை இருக்கும். அதோடு நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுழல்வதால், சில நூறு கிராம் நிறையுள்ள ஒரு பிளேடைப் பெரிய எஞ்சினில் ஏறக்குறைய 18 தொன் விசை வெளியே இழுக்கிறது. சனம் நிறைந்த ஓர் இ.போ.ச. பஸ்ஸை உள்ளங்கையளவு உலோகத் துண்டில், அதுவும் செஞ்சூட்டில் காய்ந்துகொண்டிருக்கும் துண்டில், தொங்கவிட்டது மாதிரி. அது 20,000 மணிநேரம் தாங்க வேண்டும்.

இந்தக் கலவையில் ஏதோ பெரிய இரகசியம் இருக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒற்றைப் படிகப் பிளேடுகளுக்கு (முழுப் பிளேடும் ஒரே படிகம், எப்படி என்று பின்னால் வரும்) பெயர்போன ஒரு கலவையின் கணக்கு வெளியிலேயே கிடக்கிறது: குரோமியம் 6.5 சதவீதம், கோபால்ட் 9 சதவீதத்துக்குச் சற்று மேல், டங்ஸ்டன் 6, டான்டலம் 6.5, ரீனியம் 3, அலுமினியம் 5.6, இன்னும் கொஞ்சம் சில்லறைச் சேர்க்கை, மிச்சம் நிக்கல். இதை வைத்துக்கொண்டு பிளேடு செய்துவிடலாம் என்றால் உலகத்தில் அரைவாசி நாடு செய்திருக்கும். உண்மையில் விரல்விட்டு எண்ணக்கூடிய நாடுகள்தான் செய்கின்றன. இந்தியா 80களில் தொடங்கிய காவேரி எஞ்சின் இன்றுவரை தேஜஸ் போர்விமானத்தில் ஏறவில்லை. அவ்வளவு பெரிய நாட்டின் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம், ஹெலிகொப்டர் எஞ்சினுக்கான 60 ஒற்றைப் படிகப் பிளேடுகளைச் செய்து கொடுத்துவிட்டோம் என்று 2021 ஏப்ரலில் பெருமையோடு அறிவித்தது. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான், அந்த 60க்குப் பின்னால் என்ன உழைப்பு இருக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு அது புரியும்.

சரி, அந்த உழைப்பு எங்கே போகிறது?

1950இல் திருகோணமலையில் கிணறு ஒன்று தோண்டும்போது மண்ணுக்குள்ளிருந்து வெண்கலத் திருவுருவங்கள் வெளிவந்த கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்த காலத்தில் ஒளித்துப் புதைத்தவை என்று சொல்லப்படும் அந்தச் சோமாஸ்கந்தரையும் அம்பாளையும் வார்த்த கையும், ஜெட் எஞ்சின் பிளேடை வார்க்கும் கையும் ஒரே வழியில்தான் போகின்றன. உருவத்தை மெழுகில் செய், அதன்மேல் மண்ணைப் பூசிக் காயவை, சூடாக்கி மெழுகை ஓடவிடு, மெழுகு போன இடத்தில் உலோகத்தை ஊற்று, ஆறியபின் மண்ணை உடை. ஸ்தபதி ஒவ்வொரு மூர்த்திக்கும் கையாலேயே மெழுகு பிடிப்பார். அச்சு உடைந்தால் உடைந்ததுதான், அதேபோல இன்னொன்று கிடையாது. டர்பைன் தொழிற்சாலைக்கோ ஒரே மாதிரி ஒரு இலட்சம் வேண்டும். கஷ்டம் அங்கேதான் தொடங்குகிறது.

மெழுகையே எடுங்கள். உலோக அச்சுக்குள் அமுக்கத்தோடு செலுத்தி மெழுகுப் பிளேடை எடுக்கிறார்கள். மெழுகு சூட்டுக்கு விரியும், குளிருக்குச் சுருங்கும், அறையின் வெப்பம் இரண்டு பாகை மாறினாலே அளவு மாறும். பிறகு அதை நுண்மணல் குழம்பில் தோய்த்து, மேலே மணல் தூவி, காயவிட்டு, மறுபடி தோய்த்து, ஏழெட்டு அடுக்கு ஏற்றி ஓடாக்குகிறார்கள். ஒவ்வொரு அடுக்கும் எவ்வளவு வேகத்தில் காய்கிறது என்பது காற்றின் ஈரத்தைப் பொறுத்தது. மார்கழியில் எங்கள் வீட்டுக் கொடியில் சீலை காய்கிற மாதிரிக் காய்ந்தால் ஓடு பிசுபிசுக்கும், சோளகக் காற்றில் காய்கிற மாதிரிக் காய்ந்தால் வெடிக்கும். ஆகவே அந்த அறையின் வெப்பத்தையும் ஈரப்பதனையும் இரவு பகலாக ஒரே அளவில் பிடித்து வைக்கிறார்கள். இதில் எந்தப் புதுக் கண்டுபிடிப்பும் இல்லை, ஆனால் கழிவாகிற பிளேடுகளின் எண்ணிக்கையைக் குறைத்ததில் இந்த மாதிரிச் சலிப்பூட்டும் கட்டுப்பாடுகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

தென்னிந்திய மூர்த்திகள் பெரும்பாலும் கனமானவை, உள்ளே கூடு கிடையாது. பிளேடுக்குக் கூடு வேண்டும், அதுவும் வளைந்து நெளிந்து மடிந்துபோகும் காற்றுப் பாதைகள். அந்தப் பாதையின் வடிவத்தில் மணற்சிலிக்காவால் ஒரு கரு செய்து, மெழுகுக்குள்ளேயே வைத்து, ஓட்டுக்குள் அது அசையாமல் இருக்க நுணுக்கமான பிளாட்டினக் கம்பிகளால் பிடித்து வைக்கிறார்கள். உலோகம் பாயும்போது கரு அரை மில்லிமீட்டர் ஒதுங்கினால் பிளேடின் ஒரு பக்கச் சுவர் தடித்து மற்றப் பக்கம் மெலிந்துவிடும். மெலிந்த பக்கம் எஞ்சினில் முதலில் வெந்து போகும். வெளியால பார்த்தால் தெரியாது. அதனால் ஒவ்வொரு பிளேடின் சுவரையும் ஒலியலை விட்டு அளக்கிறார்கள், எக்ஸ்ரே பிடிக்கிறார்கள். வார்த்து முடிந்ததும் கருவைச் சூடான காஸ்டிக் சோடாவில் கரைத்து எடுக்கிறார்கள், அது துளி மிஞ்சினாலும் காற்றுப் பாதை அடைபடும்.

இனி வெற்றிடம். இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் ஜெட் எஞ்சின்களுக்கு நிக்கலும் குரோமியமும் தட்டுப்பாடு, அவை 25 மணிநேரம் ஓடினாலே பெரிய காரியம். பிரிட்டனில் ஜெட் எஞ்சின் முன்னோடி பிராங்க் விட்டிலின் எஞ்சினுக்காகவே நிமோனிக் என்ற நிக்கல் கலவைகளை உருவாக்கினார்கள். நிக்கலுக்கு வலுக் கொடுப்பது அதற்குள் அலுமினியமும் டைட்டானியமும் சேர்ந்து உண்டாக்கும் நுண்கட்டங்கள். ஆனால் இரண்டும் காற்றைக் கண்டால் உடனே கசடாகிவிடும், அதனால் ஓரளவுக்கு மேல் சேர்க்க முடியவில்லை. 1950களில் வெற்றிடத்துக்குள் மின்தூண்டலால் உருக்கும் உலைகள் வந்தபிறகுதான் அவற்றைத் தாராளமாகச் சேர்க்க முடிந்தது. கலவை அறிவு முன்னமே இருந்தது, உலை வந்தபிறகுதான் அது பிளேடானது. கந்தகத்தைப் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறக்கினால் பிளேடின் மேல் படியும் காப்பு ஒட்சைட்டு உதிராமல் ஒட்டி நிற்கிறது என்று பின்னாளில் கண்டதும் இதே வகை வேலைதான்.

இப்போது மச்சானின் புரொப்பெல்லரில் தெரிந்த சீனிமணிக்கு வருகிறேன். புதுத் துத்தநாகத் தகரத்திலோ வாளியிலோ பூப்பூவாகக் கட்டங்கள் தெரியுமே, அவை ஒவ்வொன்றும் ஒரு தனிப் படிகம். எந்த உலோகத்தை வார்த்தாலும் இப்படி ஆயிரக்கணக்கான படிகங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டுதான் உறையும். சாதாரணச் சூட்டில் இதனால் பெரிய தீங்கில்லை. உருகுநிலைக்குக் கிட்டப் போகும்போது படிகங்கள் சந்திக்கும் எல்லைதான் முதலில் தளர்கிறது. இழுவிசை இருந்துகொண்டே இருந்தால் பிளேடு மெதுவாக நீளும், எல்லைகளில் நுண்வெடிப்பு விழும், கடைசியில் அந்த வழியே பிளந்துவிடும். 1960களில் பிராட் அண்ட் விட்னி என்ற அமெரிக்க எஞ்சின் நிறுவனத்தில் பிராங்க் வெர்ஸ்னைடரும் அவரோடு இருந்தவர்களும் இதை வேறு கோணத்தில் பார்த்தார்கள்: எல்லை குறுக்கே இருந்தால்தானே இழுவை அதைப் பிரிக்கும், எல்லாப் படிகங்களையும் பிளேடின் நீளத்துக்கே நெடுக வளர்த்துவிட்டால்? உலையிலிருந்து அச்சை மெல்ல மெல்லக் கீழே இறக்கி, அடியிலிருந்து மேலாக ஒரே திசையில் உறையவைத்தார்கள். தென்னோலை ஈர்க்குக் கட்டு மாதிரிப் படிகங்கள் நெடுக்காக வந்தன.

அடுத்து, எல்லையே வேண்டாமே என்ற யோசனை. அச்சின் அடியில் பன்றிவால் மாதிரி முறுகிய ஒரு மெல்லிய குழாயை வைத்தார்கள். கீழே பல படிகங்கள் முளைத்துப் போட்டி போட்டு ஏறும், அந்த முறுக்கில் ஒன்றுதான் தாண்டி மேலே வர முடியும். வந்த அந்த ஒன்றே முழுப் பிளேடாக வளரும். எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் பிடித்த இடம் இது. கணினியும் மின்னணுவும் எதுவும் தேவையில்லை, ஒரு வளைந்த குழாய் படிகத்தைத் தேர்ந்தெடுத்துவிடுகிறது. 1982இல் இந்த ஒற்றைப் படிகப் பிளேடுகள் பயணிகள் விமான எஞ்சினில் பறக்கத் தொடங்கின.

படிக்க எளிதாக இருக்கிறது, உலைக்குப் பக்கத்தில் நின்றால் அப்படி இல்லை. அச்சை நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில்தான் இறக்க முடியும். கூட்டினால் பிளேடின் விளிம்பு முந்திக் குளிர்ந்து அங்கே ஒரு கள்ளப் படிகம் முளைத்துவிடும். குறைத்தால் உருகிய கலவைக்குள் கனமான தனிமங்களும் இலேசானவையும் பிரிந்து ஓடி, சுவர் நெடுகச் சின்னச் சின்னப் படிகங்கள் சங்கிலியாகக் கோர்த்துவிடும். எல்லாம் சரியாக வந்தபிறகும் யாரோ ஒருவர் அச்சை உடைக்கும்போது கொஞ்சம் ஓங்கித் தட்டியிருந்தால், அந்த அடி பட்ட இடம் பின்னால் வெப்பப் பதனிடும்போது புதுப் படிகமாகத் திரும்பப் பிறக்கும். ஆக, மாதக்கணக்காகச் செய்த வேலை ஒரு சுத்தியல் அடியில் கழிவு. இவற்றை ஒவ்வொன்றாகக் காரணம் பிடித்து, உலையின் சூட்டுத் தடுப்பை நெருக்கி, பெரிய மின்னிலைய பிளேடுகளுக்கு உருகிய வெள்ளீயத்தில் அச்சை இறக்கிக் குளிர்த்தி, முதலில் கணினியில் வார்த்துப் பார்த்துவிட்டுப் பிறகு உலையில் வார்த்து, இப்படித்தான் படிப்படியாக வந்திருக்கிறார்கள்.

பிளேடு ஒன்று முறிந்தால் எஞ்சின் உறை பெரும்பாலும் தாங்கும். பிளேடுகளைத் தாங்கும் தட்டு உடைந்தால் எந்த உறையும் தாங்காது. 1989 ஜூலை 19 அன்று அமெரிக்காவின் சூ சிட்டியில் நொறுங்கிய டிசி-10 விமானத்தில் 296 பேர் இருந்தார்கள், 112 பேர் இறந்தார்கள். வால் எஞ்சினின் முன் விசிறித் தட்டு வெடித்து, விமானத்தைத் திருப்பும் எல்லா எண்ணெய்க் குழாய்களையும் அறுத்துவிட்டது. தேடிப் போனால், 70களின் தொடக்கத்தில் அந்த டைட்டானியத்தை உருக்கும்போது நைதரசன் சேர்ந்து இறுகிய ஒரு துணுக்கு. பதினேழு வருடம் அது தட்டுக்குள் இருந்து, வெடிப்பு ஒவ்வொரு பறப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டிருக்கிறது. அந்தத் தட்டின் உலோகம் வெற்றிடத்தில் இரண்டு தரம் உருக்கியது. பிறகு மூன்று தரம் உருக்கும் வழக்கம் வந்தது, அடுத்து எலெக்ட்ரோன் கற்றையால் ஆழமில்லாத தொட்டியில் உருக்கி, கனமான துணுக்குகளை அடியில் தங்கவைத்து, இலேசானவற்றைக் கரைத்துவிடும் முறையும் வந்தது. 1996இல் பென்சகோலாவில் ஓடுபாதையிலேயே வெடித்த எஞ்சினில் உலோகம் சுத்தம், குறை வந்தது துளையிட்ட விதத்தில். துரப்பணம் சூடேறி, துளையின் சுவரில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கடினப் படலத்தை விட்டிருந்தது, அங்கிருந்து வெடிப்புத் தொடங்கியது. ஒரு தாயும் மகனும் இறந்தார்கள். ஒரு துளை போடும் வேகமும் குளிர்நீரும் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. வேலைப்பட்டறையில் நிற்கும் ஒவ்வொரு இளைஞனுக்கும் இந்தக் கதையைச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

சூட்டுப் பக்கத் தட்டுகளை இன்று பொடியிலிருந்து செய்கிறார்கள். உருகிய கலவையை ஆர்கன் வாயுவால் சிதறடித்துத் தூளாக்கி, நுண்ணிய அரிதட்டில் அரித்து, உயர் வெப்பத்திலும் அமுக்கத்திலும் ஒட்டவைத்து, அடித்து உருவாக்குவது. அரிதட்டின் கண் எவ்வளவோ, உள்ளே போகக்கூடிய குறையும் அவ்வளவுதான். அழகான யோசனை, ஆனால் பொடியிலேயே மாசு இருந்தால்? பிராட் அண்ட் விட்னி நிறுவனத்துக்கு அதுதான் நடந்தது. 2015 கடைசி முதல் 2021 வரை செய்த பொடியில் நுண்மாசு கலந்திருந்ததாக 2023 ஜூலையில் வெளியே வந்தது. 600 முதல் 700 எஞ்சின்களைக் கூடுதலாகக் கழற்றிப் பார்க்க வேண்டும், 2024 முதல் 2026 வரை சராசரியாக 350 விமானங்கள் தரையில் நிற்கும் என்று அந்த வருடம் செப்டம்பரில் கணக்குச் சொன்னார்கள். ஆறு வருடமாக ஒரு பொடிப் பட்டறையில் நுழைந்த தூசு, சென்னையில் விமானத்துக்குக் காத்திருக்கும் எங்கள் சனத்தின் டிக்கெட் விலைவரைக்கும் வந்து சேர்கிறது.

முப்பரிமாண அச்சடிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. லீப் எஞ்சினின் எரிபொருள் முனையை முன்பு சுமார் 20 துண்டுகளாகச் செய்து ஒட்டியவர்கள் இப்போது ஒரே துண்டாக அச்சடிக்கிறார்கள், நிறையும் கால்பங்கு குறைந்தது. சுழலும் ஒற்றைப் படிகப் பிளேடுக்கு அது இன்னும் மாற்றாகவில்லை.

எங்கள் மண்ணுக்கு வருகிறேன், உண்மையாகவே மண்தான். நிலாவெளி, குச்சவெளி தாண்டிப் புல்மோட்டைக்குப் போனால் கடற்கரை கறுப்பாக இருக்கும். இல்மனைட், ரூட்டைல், சிர்கன் கலந்த கனிய மணல். 1957இல் அரசு கூட்டுத்தாபனம் அமைத்தது, அதற்குப் பிறகு அள்ளிப் பிரித்து ஏற்றுமதி செய்கிறோம். விசிறித் தட்டின் டைட்டானியம் இல்மனைட்டிலிருந்தும் ரூட்டைலிலிருந்தும் வருகிற உலோகம். பிளேடு வார்க்கும் ஓட்டின் உட்பூச்சுக்குப் பிடிக்கும் மாவு சிர்கன் மாவு, உருகிய நிக்கலோடு அது இலேசில் சேராது. பிளேடின் மேல் கால் மில்லிமீட்டருக்கும் குறைவாகப் பூசி, உலோகத்தின் சூட்டை நூறு பாகைக்கு மேல் இறக்கும் வெள்ளைப் பூச்சு, யிட்ரியம் சேர்த்த சிர்கோனியா. பிளேடின் ஓடு, மேற்பூச்சு, தட்டு மூன்றுக்கும் மூலமான கனியங்கள் எங்கள் ஒரே கரையில் கிடக்கின்றன. நாங்கள் விற்பது மணலை மட்டும். நாளைக்கே திருகோணமலையில் பிளேடு வார்க்கலாம் என்று நான் சொல்ல வரவில்லை, அது பொய்யாகிவிடும். சிர்கனை மாவாக அரைத்து, அளவு பிரித்து, தரம் உறுதிசெய்து விற்பது எங்கள் எட்டத்துக்குள் உள்ள வேலை. அதற்கும் வேண்டியது அதே பழக்கம்தான், ஒவ்வொரு மூட்டையும் போன மூட்டை மாதிரியே இருக்க வேண்டும் என்ற பிடிவாதம்.

பட்டறைக்கார ஐயா அந்தக் கிழமையே புது அச்சுப் பிடித்தார். இந்தமுறை மூன்று வார்த்தார். முதல் புரொப்பெல்லரை நாங்கள் பார்த்திருக்கவே இரும்புவாளால் இதழின் அடியில் குறுக்கே அறுத்தார். பித்தளை விலைக்கு மச்சான் பதறிவிட்டான். "ஒண்டை வெட்டாட்டி மத்த ரெண்டையும் எப்பிடி நம்புறது?" என்றார் ஐயா. அறுத்த முகத்தில் இதழ் நடுப்பாகத்தோடு சேரும் இடத்தில் கடுகளவு குழி ஒன்று திரும்பவும் இருந்தது. அவர் மற்ற இரண்டையும் உலைக்குள் போட்டுவிட்டு, அச்சின் மேல் வாயை இன்னும் நாலு விரல் உயர்த்திக் கட்ட ஆரம்பித்தார், உறையும்போது சுருங்கும் இடத்துக்கு மேலிருந்து உலோகம் இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு.